கொச்சி வழியா லட்சத்தீவு: பர்மிட் போடறதுலேர்ந்து படகுல குதிக்கற வரைக்கும்

லட்சத்தீவு போய்ட்டு வந்து நாலு ஃபோட்டோ ஸ்டேட்டஸ்ல போட்டேன், அன்னிலேர்ந்து கேக்கறவங்களுக்கெல்லாம் ஒரே பதில தனித்தனியா டைப் பண்ணி விரலே தேஞ்சு போச்சு. முதல் கேள்வி எவ்ளோ ஆச்சு. ரெண்டாவது கேள்வி, "கொச்சி போய்ட்டு அங்க டிக்கெட் எடுத்துக்கலாம்ல?" எவ்ளோ ஆகும்ங்கறது நீங்க எப்படி போறீங்கங்கறத பொறுத்தது. ரெண்டாவதுக்கு பதில் இப்பவே சொல்லிடறேன். முடியாது.

கோயம்புத்தூர்லேர்ந்து நான், என் வீட்டுக்காரி, மச்சான் மூணு பேரும் போனோம். நாங்க கிளம்பின அன்னிக்கு கொச்சியில கப்பல் ஏறற இடமான வில்லிங்டன் ஐலண்ட்ல ஒரு ஜோடி, சேலம் பக்கம்னு சொன்னாங்க, ரெண்டு ட்ராலி பேக்கோட கவுன்ட்டர் முன்னாடி நிக்கறாங்க. கையில ஆதார் இருக்கு, காசு இருக்கு, பர்மிட் இல்ல. உள்ள இருந்தவர் மலையாளத்துல பொறுமையா மூணு தடவ சொன்னார், அவங்களுக்கு நாலாவது தடவதான் புரிஞ்சது. அந்தப் பொண்ணு பேக் மேலயே உக்காந்துடுச்சு. இந்தியாக்குள்ளதானே இருக்கு, நமக்கு எதுக்கு பர்மிட்னு தோணும், ஆனா 1967 விதிகள்படி தீவுக்காரங்க இல்லாத எல்லாருக்கும் நுழைய அனுமதி வேணும், இந்தியக் குடிமகனா இருந்தாலும் சரி. ஆக, இந்த பயணம் கொச்சியில ஆரம்பிக்கல, உங்க வீட்டு கம்ப்யூட்டர்ல ஆரம்பிக்குது.

முதல்ல எப்படி போறோம்னு முடிவு பண்ணுங்க (ரெண்டு மூணு மாசம் முன்னாடி)

லட்சத்தீவுல மொத்தம் 36 தீவு, மக்கள் வாழறது 10. மொத்த நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர்தான், 2011 கணக்குப்படி ஜனம் 64 ஆயிரத்து சொச்சம். டூரிஸ்டா போறவங்க பெரும்பாலும் அகத்தி, பங்காரம், தின்னகரா, கத்மத், கவரத்தி, கல்பேனி, மினிக்காய் இந்த ஏழுக்குள்ளதான் சுத்துவாங்க. போற வழி மூணு.

ஒண்ணு, ஸ்போர்ட்ஸ்னு ஒரு அமைப்பு இருக்கு, லட்சத்தீவு நிர்வாகத்தோட சுற்றுலா கை அதுதான், விளையாட்டு சாமான் கடைன்னு நினைச்சுக்காதீங்க. அவங்க பேக்கேஜ்ல பேமஸ் சமுத்ரம்னு ஒண்ணு, கப்பல்லயே ராத்திரி தூங்கி பகல்ல ஒரு ஒரு தீவா இறங்கி பாத்துட்டு சாயங்காலம் திரும்ப கப்பலுக்கு வந்துடணும். கவரத்தி, கல்பேனி, மினிக்காய் மூணும் அதுல வரும். டைமண்ட் கிளாஸ், கோல்டு கிளாஸ்னு இருக்கு, பேர பாத்து ஏதோ அரண்மனைன்னு நினைக்காதீங்க, டைமண்ட்னா ரெண்டு பேர் கேபின், கோல்டுனா நாலு பேர் கேபின். வயசானவங்க, சின்ன பசங்களோட போறவங்களுக்கு இது நல்லது, ஏன்னா பர்மிட் வேலையையும் அவங்களே பாத்துக்கறாங்க.

ரெண்டாவது, தீவுல பதிவு பண்ணின ஹோம்ஸ்டே இல்லன்னா தெரிஞ்ச தீவுக்காரர் ஸ்பான்சர் பண்ணி, நீங்க தனியா பர்மிட் போட்டு, கப்பல் டிக்கெட்டும் தனியா எடுத்து போறது. மலிவு இதுதான், தலைவலியும் இதுதான். நாங்க இப்படித்தான் போனோம்.

மூணாவது ஃப்ளைட். கொச்சியிலேர்ந்து அகத்திக்கு ஏடிஆர் விமானம் போகுது, ஒண்ணரை மணி நேரத்துல இறக்கி விட்டுடுவாங்க. அகத்தி ரன்வே சுமார் 1200 மீட்டர்தான், ரெண்டு பக்கமும் கடல், ஜன்னல் சீட் கெடைச்சா இறங்கும்போது அந்த லகூன் (பவளத் தீவ சுத்தி இருக்கற ஆழமில்லாத கடல்) கலர பாக்க ஒரு தடவ போகலாம். ஆனா சின்ன விமானம், லக்கேஜ் எடை கறாரா பாப்பாங்க. பெங்களூர்லேர்ந்தும் அகத்திக்கு ஃப்ளைட் வந்தாச்சு, அப்படி போனா கொச்சியே பாக்காம போய்டலாம். என்ன கேட்டா அது நஷ்டம்.

என் யோசனை, போறது கப்பல், வர்றது ஃப்ளைட். இல்ல ரெண்டும் கப்பல். போறதும் வர்றதும் ஃப்ளைட்னா எங்க போனோம்னே மனசுல நிக்காது, அவ்ளோ தூரம் கடல தாண்டினோம்ங்கறது உடம்புக்கு தெரியணும். கொச்சியிலேர்ந்து கல்பேனி 287 கிலோமீட்டர், மினிக்காய் 398, கவரத்தி 404, அகத்தி 459. கப்பல்ல தீவ பொறுத்து 14லேர்ந்து 18 மணி நேரம் ஆகும், வழியில வேற தீவுல நின்னு போனா அதுக்கும் மேல.

சீசன் அக்டோபர்லேர்ந்து மே பாதி வரைக்கும். அதுக்கப்புறம் தென்மேற்கு பருவமழை, கப்பல் குறைஞ்சுடும், படகுல ஏறி இறங்கறது ஆபத்து, அந்த நேரத்துல ஆஃபர்னு எவனாவது சொன்னா கும்பிடு போட்டுடுங்க.

பர்மிட்

போலீஸ் கிளியரன்ஸ் சர்டிபிகேட்தான் ரொம்ப டைம் எடுக்கும், அதனால அத முதல்ல ஆரம்பிங்க. தமிழ்நாடு போலீஸ் வெப்சைட்லயே அப்ளை பண்ணலாம், ஸ்டேஷன்லேர்ந்து விசாரணை வரும், மச்சான் வாடகை வீடு மாறினதுல அட்ரஸ் ஆதார்ல ஒண்ணு நேர்ல ஒண்ணுன்னு மாட்டிக்கிட்டான், அதுலயே பத்து நாள் போச்சு. ஆதார்ல இருக்கற அட்ரஸும் நீங்க இருக்கற அட்ரஸும் ஒண்ணான்னு இப்பவே பாருங்க.

அது கைக்கு வந்ததும் லட்சத்தீவு நிர்வாகத்தோட இ-பர்மிட் தளத்துல விண்ணப்பம், ஃபோட்டோ, அடையாள அட்டை, ஸ்பான்சரோட டிக்ளரேஷன். கட்டணம் சின்னதுதான். இதுல கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணே ஒண்ணு. பர்மிட்ல எந்தெந்த தீவுன்னு பேர் போட்டு வரும். கவரத்தின்னு மட்டும் போட்டிருந்தா அங்கேர்ந்து ஒரு எட்டு அகத்தி போய்ட்டு வரலாம்னு கிளம்ப முடியாது. அதனால போக வாய்ப்பு இருக்கற தீவெல்லாம் முன்னாடியே சேத்து கேளுங்க. வெளிநாட்டு பாஸ்போர்ட் வச்சிருக்கற சொந்தக்காரங்க கூட வர்றாங்கன்னா தனியா விசாரிச்சுக்கோங்க, அவங்களுக்கு எல்லா தீவும் திறக்காது.

ஏஜென்ட் விஷயம். எங்களுக்கு முதல் தடவ ஒரு ஏஜென்ட் கிடைச்சார், பேசற பேச்சு தேன், அட்வான்ஸ் வாங்கின அன்னிலேர்ந்து "பர்மிட் இன்னிக்கு வந்துரும் சார்"னு ஒரு மாசம். கடைசியில ஃபோனே எடுக்கல. அந்த காசு போனது போனதுதான். அதனால பர்மிட் பிடிஎஃப் கைக்கு வர்ற வரைக்கும் முழு பணம் குடுக்காதீங்க, பிடிஎஃப் வந்தா அதுல இருக்கற நம்பர தளத்துல போட்டு பாருங்க.

கப்பல் டிக்கெட்

எம்வி கவரத்திங்கற கப்பல்தான் பெருசு, 700 பேர் போகலாம். அப்புறம் லகூன்ஸ், கோரல்ஸ், அரேபியன் சீ, லட்சத்தீவ் சீ, இன்னும் சின்னதா சிலது. இது டூரிஸ்ட் கப்பல் இல்லங்கறத மனசுல வச்சுக்கோங்க. தீவுக்காரங்களுக்கு இதுதான் டவுன் பஸ், ஆஸ்பத்திரி, காலேஜ், கல்யாண ஜவுளி எல்லாத்துக்கும் கொச்சி வந்துட்டு போற வண்டி. அதனால முதல் உரிமை அவங்களுக்குத்தான், அது நியாயமும் கூட. லீவு நாள், நோன்பு பெருநாள் நேரத்துல நமக்கு சீட் கெடைக்கும்னு கனவு காணாதீங்க.

டிக்கெட் ஓப்பன் ஆன கொஞ்ச நேரத்துலயே முடிஞ்சுடும், தட்கால் மாதிரியே கைய ரெடியா வச்சுக்கிட்டு உக்காரணும். கேபின் கெடைக்கலன்னா பங்க் கிளாஸோ சாஞ்சுக்கற சீட்டோ எடுத்துடுங்க, ஒரு ராத்திரிதானே. ஏசி குளிர்தான் பெரிய எதிரி, ஒரு போர்வை கண்டிப்பா வேணும், மச்சான் அரை டிராயரோட வந்து ராத்திரி முழுக்க என் வீட்டுக்காரி துப்பட்டாவ சுத்திக்கிட்டு கிடந்தான்.

கப்பல் ஷெட்யூல்ங்கறது ரயில் டைம் டேபிள் இல்ல, மாறும். காத்து அதிகமா இருந்தா மாறும், கப்பல் ரிப்பேர்னா மாறும், அவசரமா ஒரு தீவுக்கு போக வேண்டி வந்தா மாறும். எங்க கப்பல் ஒரு நாள் தள்ளிப் போச்சு, மெசேஜ் வந்தது கிளம்பறதுக்கு முந்தின சாயங்காலம். நாங்க ஏற்கனவே கொச்சியில இருந்ததால பிழைச்சோம், ரயில்ல பாதி வழியில இருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிங்க.

அதனாலதான் சொல்றேன், கொச்சிக்குன்னு போகும்போது ஒண்ணரை நாள், வரும்போது ஒரு நாள் ஒதுக்குங்க. இந்த வழிகாட்டியில வேற எதுவும் ஞாபகம் இல்லன்னாலும் இது போதும். நிறைய பேர் கொச்சிய ஒரு பஸ் ஸ்டாண்ட் மாதிரி நினைச்சு காலையில இறங்கி மத்தியானம் கப்பல்னு பிளான் போடறாங்க, அங்கதான் மொத்த ட்ரிப்பும் சரியுது.

கொச்சியில இறங்கறது

கோவையிலேர்ந்து ரயில்ல நாலு மணி நேரம். எர்ணாகுளத்துல ரெண்டு ஸ்டேஷன், ஜங்ஷன்னா சவுத், டவுன்னா நார்த், ஆட்டோக்காரங்க கிட்ட சவுத், நார்த்னுதான் சொல்லணும். சென்னையிலேர்ந்து திருவனந்தபுரம் மெயில்ல வந்தா நார்த், ஆலப்பி எக்ஸ்பிரஸ்ல வந்தா சவுத். கப்பலுக்கு சவுத்தான் கிட்டக்க. ஃப்ளைட்ல வர்றவங்களுக்கு ஏர்போர்ட் நெடும்பாசேரியில, சிட்டியிலேர்ந்து சுமார் 30 கிலோமீட்டர், கொச்சி டிராஃபிக்க சேத்து கணக்கு போடுங்க.

தங்கறது எங்க? ஃபோர்ட் கொச்சி அழகு, ஆனா கப்பல் ஏற வில்லிங்டன் ஐலண்டுக்கு காலையில வரணும், தோப்பும்படி பாலம் சுத்தி வர டிராஃபிக். முதல் நாள் ராத்திரிக்கு எர்ணாகுளம் சவுத் பக்கமே ரூம் போடுங்க, ஃபோர்ட் கொச்சிய திரும்பி வரும்போது வச்சுக்கோங்க. எங்க லாட்ஜ்ல பாதி ரூம் தீவுக்காரங்கதான், யாரோ ஒருத்தர் கையில ஸ்கேன் ரிப்போர்ட் கவரோட லாபியில உக்காந்திருந்தார். பெரிய வைத்தியம்னா அவங்களுக்கு கொச்சிதான். கப்பலுக்கு காத்திருக்க முடியாத கேஸ்னா ஹெலிகாப்டர்ல கொண்டு வருவாங்க.

வில்லிங்டன் ஐலண்ட் பத்தி ஒரு வார்த்தை, ஏன்னா அது கடவுள் போட்ட தீவு இல்ல. கொச்சி முகத்துவாரத்துல ஒரு மணல் திட்டு குறுக்க கிடந்துச்சு, பெரிய கப்பல் உள்ள வர முடியாது. மெட்ராஸ் கவர்னரா இருந்த வில்லிங்டன் பிரபு 1920ல ராபர்ட் பிரிஸ்டோன்னு ஒரு இன்ஜினியர அனுப்பி வச்சார், அவர் வருஷக்கணக்கா தோண்டி, 1928ல முதல் கப்பல் உள்ள வந்துச்சு, தோண்டி எடுத்த மண்ண கொட்டி உருவாக்கினதுதான் இந்த தீவு, கிட்டத்தட்ட 780 ஏக்கர். நீங்க கப்பலுக்கு க்யூ நிக்கற தரை அந்த காயல் சேறுதான். லட்சத்தீவும் 1956 நவம்பர் 1ல யூனியன் பிரதேசம் ஆகற வரைக்கும் மெட்ராஸ் மாகாணத்துக்குள்ளதான் இருந்துச்சு, நம்மாளு யாருக்கும் ஞாபகம் இல்ல.

வந்து இறங்கின நாள் செய்ய வேண்டிய வேலை: இந்திரா காந்தி ரோட்டுல லட்சத்தீவு நிர்வாகத்தோட ஆபிஸ் இருக்கு, பர்மிட்ல ஏதாவது சந்தேகம், எழுத்துப்பிழை இருந்தா அன்னிக்கே போய் சரி பண்ணிடுங்க. என் பேர்ல ஒரு எழுத்து ஆதார்ல ஒரு மாதிரி பர்மிட்ல ஒரு மாதிரி, அங்க இருந்தவர் பாத்துட்டு ஒண்ணும் பிரச்சன இல்லன்னு சொன்னார், ஆனா அத கேக்காம ராத்திரி தூங்கியிருக்க மாட்டேன். கப்பல் எப்ப, எந்த வார்ஃப்ல (கப்பல் ஒட்டி நிக்கற துறை)ங்கறதையும் அங்கயே கேட்டுடுங்க.

சாயங்காலம் ஷாப்பிங். பிராட்வே மார்க்கெட் போங்க. வாங்க வேண்டியது: ஓஆர்எஸ், வாந்தி மாத்திரை, சன்ஸ்கிரீன், உங்க ரெகுலர் மாத்திரை ஒரு வாரத்துக்கு எக்ஸ்ட்ரா, பவர் பேங்க், பக்கிள் வச்ச செருப்பு, கொஞ்சம் பழம். பழம் எதுக்குன்னு கேக்காதீங்க, தீவுல தேங்காயும் மீனும் கொட்டிக் கிடக்கும், தக்காளி வெங்காயம் ஆப்பிளெல்லாம் கரையிலேர்ந்துதான் போகணும். சரக்கெல்லாம் அதிகமா கோழிக்கோடு பக்கம் பேப்பூர்லேர்ந்து மஞ்சுன்னு சொல்ற மரக்கலத்துல போகுது. கப்பல் ரெண்டு நாள் வரலன்னா கடையில காய் இருக்காது. ஹோம்ஸ்டேக்காரங்களுக்கு ரெண்டு கிலோ நல்ல காய், பழம் வாங்கிட்டு போனீங்கன்னா ஸ்வீட் பாக்ஸ விட அதிகமா சந்தோஷப்படுவாங்க. பணம் கேஷா எடுத்துக்கோங்க, பெரிய தீவுல ஏடிஎம் இருக்கு, ஆனா இருக்கறது வேற பணம் வர்றது வேற. சிம் பிஎஸ்என்எல் இல்ல ஏர்டெல். 2024 ஜனவரியில கடலுக்கடியில கேபிள் வந்ததுக்கப்புறம் நெட் முன்ன மாதிரி மோசம் இல்லன்னு தீவுக்காரங்களே சொல்றாங்க.

வாங்கக் கூடாதது: சரக்கு பாட்டில். பங்காரம் தவிர எல்லா தீவுலயும் மதுவிலக்கு, கப்பல் ஏறறதுக்கு முன்னாடி பைய ஸ்கேன் பண்றப்ப பிடிச்சுடுவாங்க. டிரோனும் அனுமதி இல்லாம கொண்டு போகாதீங்க.

ஸ்கேனிங் சென்டர்

ஆட்டோக்காரர்கிட்ட "லட்சத்தீவு ஸ்கேனிங் சென்டர்"னு சொன்னா போதும், மேப் வேண்டாம். கிளம்பற நேரத்துக்கு மூணு மணி நேரம் முன்னாடி இருங்க. பர்மிட் பிரின்ட் மூணு காப்பி, டிக்கெட் பிரின்ட், ஒரிஜினல் அடையாள அட்டை, மூணையும் ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு கழுத்துல மாட்டிக்கோங்க, பேக்குக்குள்ள வச்சா பேக் ஸ்கேனுக்குள்ள போனப்புறம் நீங்க இந்தப் பக்கம் நிப்பீங்க.

அந்த ஹால் ஒரு காட்சி. சின்னதா ஏர்போர்ட் மாதிரிதான், ஆனா கன்வேயர்ல போறது சூட்கேஸ் இல்ல. முட்டை அட்டை, மிக்சி, டேபிள் ஃபேன், கயிறு கட்டின மெத்தை, கூண்டுல ஒரு லவ் பேர்ட்ஸ் ஜோடி, ஒரு பையன் கையில கிரிக்கெட் பேட் மூணு. எனக்கு முன்னாடி ஒரு உம்மா, அதாவது அம்மா, அறுபது வயசு இருக்கும், அஞ்சு பை, திரும்பி பாத்து "மோனே, ஈ சஞ்சி ஒந்நு பிடிக்காமோ?"ன்னு கேட்டாங்க. பைய வாங்கினேன், கை கீழ போய்டுச்சு, உள்ள அம்மிக்குழவி. நிஜமா அம்மிக்குழவி. பவளப்பாறை மண்ணுல கருங்கல்லுக்கு எங்க போறது, கொச்சியிலேர்ந்துதான் தூக்கிட்டு போகணும்.

ஒரு எச்சரிக்கை, உதவி பண்ணுங்க ஆனா மத்தவங்க பைய உங்க டிக்கெட்ல உங்க லக்கேஜா காட்டாதீங்க. அங்கேர்ந்து பஸ்ல வார்ஃபுக்கு கூட்டிட்டு போய் ஏணிப்படி கிட்ட இறக்கி விட்டாங்க.

கப்பல்ல

ஏறினதும் பைய வச்சுட்டு நேரா மேல டெக்குக்கு ஓடுங்க. கப்பல் காயல விட்டு வெளிய வர்ற அந்த நேரம் கேபின்ல உக்காந்து சார்ஜர் பாயின்ட் தேடறவங்க பாவம். வலது பக்கம் வல்லார்பாடம் கன்டெய்னர் டெர்மினல் கிரேன், அப்புறம் வைப்பின், இடது பக்கம் ஃபோர்ட் கொச்சி சீன வலை வரிசையா, வலைய தூக்கி இறக்கறவங்க நம்மள நிமிந்து கூட பாக்க மாட்டாங்க. முகத்துவாரம் தாண்டினதும் தண்ணி பச்சைலேர்ந்து நீலமாகி அப்புறம் மை மாதிரி ஆகும். அங்கதான் கப்பல் முதல் தடவ மூக்க தூக்கும்.

அது வரைக்கும் மாத்திரை போடலன்னா லேட். கிளம்பறதுக்கு அரை மணி முன்னாடியே அவோமின் மாதிரி ஏதாவது, உங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு போட்டுடுங்க. வெறும் வயித்துல போகாதீங்க, வயிறு முட்டவும் சாப்பிடாதீங்க, ரெண்டு இட்லி அளவு. தல சுத்தினா ஃபோன பாக்காதீங்க, டெக்ல நடு கப்பல்ல நின்னு தொடுவானத்த பாருங்க. என் வீட்டுக்காரி நாரத்தங்காய் ஊறுகாய ஒரு டப்பால கொண்டு வந்திருந்தா, ராத்திரி அந்த டப்பா எங்க வரிசை முழுக்க சுத்தி வந்து காலியாதான் திரும்புச்சு. தீவுப் பசங்க மட்டும் படிக்கட்டுல கேரம் ஆடிக்கிட்டு இருந்தானுங்க.

கேன்டீன்ல சாப்பாடு, மட்டை அரிசி சோறு, மீன் குழம்பு, காலையில உப்புமா. டேஸ்ட் பத்தி பெருசா எழுத ஒண்ணும் இல்ல. சிக்னல் கரைய விட்டு கொஞ்ச நேரத்துலயே போய்டும், வீட்டுக்கு முன்னாடியே சொல்லிடுங்க.

இறங்கறது: இதுக்குத்தான் பயிற்சி வேணும்

லட்சத்தீவு பவளத் தீவு, சுத்தி ஆழமில்லாத லகூன், நிறைய இடத்துல பெரிய கப்பல் கரைக்கு வராது. வெளிய நங்கூரம் போட்டு, கப்பலோட வயித்துல பக்கவாட்டு கதவு ஒண்ணு திறப்பாங்க, கீழ ஓடம் வந்து ஒட்டும். ஓடம் ஒரு ஆள் உசரத்துக்கு ஏறி ஏறி இறங்கும். கதவுல ரெண்டு பேர், ஓடத்துல ரெண்டு பேர். ஓடம் மேல வர்ற நொடியில "சாடிக்கோ"ம்பாங்க. சாடிக்கோன்னா குதி. யோசிச்சீங்கன்னா ஓடம் கீழ போய்டும், அடுத்த அலைக்கு நிக்கணும், பின்னாடி க்யூ முணுமுணுக்கும்.

குதிக்கும்போது கவனிக்க வேண்டியது: ரெண்டு கையும் காலியா இருக்கணும், பை அவங்க கைக்கு தனியா போகட்டும். ஹீல்ஸ், ரப்பர் செருப்பு வேண்டாம். புடவைய விட சுடிதார் நல்லது. அவங்க உங்க புஜத்த பிடிப்பாங்க, நீங்க அவங்கள பிடிக்கப் போகாதீங்க, உடம்ப தளர்த்தி விட்டுடுங்க. முக்கியமா ஓடத்தோட விளிம்ப கையால பிடிக்கவே பிடிக்காதீங்க, கப்பலுக்கும் ஓடத்துக்கும் நடுவுல விரல் மாட்டினா முடிஞ்சது. என் மச்சான் குதிச்ச வேகத்துல ஒரு பெரியவர் மடியில போய் உக்காந்தான், அவர் சிரிச்சுக்கிட்டே அவன எழுப்பாம கரை வரைக்கும் கூட்டிட்டு வந்தார். அஞ்சு பை உம்மா எங்களுக்கு முன்னாடியே, பேரன் வயசு பையன் ஒருத்தன் தோள தொட்டு, படி இறங்கற மாதிரி இறங்கிட்டாங்க. மூட்டு வலி, முதுகு ஆபரேஷன் பண்ணினவங்கள தயவுசெஞ்சு ஃப்ளைட்ல கூட்டிட்டு போங்க.

கரையில போலீஸ்கிட்ட பர்மிட்ட காட்டி ஒரு காப்பி குடுத்துடணும்.

தீவுல கொஞ்சம்

தீவு பத்தி நெட்ல ஆயிரம் வீடியோ இருக்கு, நான் ரெண்டு மூணு மட்டும் சொல்றேன். கவரத்தியில தண்ணி குடிக்கும்போது நம்ம சென்னை பள்ளிக்கரணைய நினைச்சுக்கோங்க. பள்ளிக்கரணையில இருக்கற தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம்தான் 2005ல கவரத்தியில கடல் தண்ணிய குடிதண்ணி ஆக்கற பிளான்ட் போட்டுச்சு, மேல இருக்கற சூடான தண்ணிய குறைஞ்ச அழுத்தத்துல ஆவியாக்கி, கடல் ஆழத்துலேர்ந்து இழுத்த சில்லுன்னு தண்ணிய வச்சு அத குளிர வைக்கறது, நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர். கல்பேனியில கிழக்குப் பக்கம் பவளக்கல் குவியல் குவியலா கிடக்கும், 1847ல வந்த பெரும்புயல் தூக்கிப் போட்டது. மினிக்காய்ல 1885ல கட்டின லைட்ஹவுஸ் மேல ஏறலாம். அங்க மட்டும் பாஷை மலையாளம் இல்ல, மஹல், அதாவது மாலத்தீவு திவேஹி. ராஜராஜன் மெய்க்கீர்த்தியில வர்ற "முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்" மாலத்தீவுதான்னு வரலாற்றுக்காரங்க சொல்றாங்க, மினிக்காய் படகுத்துறையில நின்னா அது தெற்கால சுமார் 130 கிலோமீட்டர்தான். அவ்ளோ தூரம் பாய்மரத்துல போனானுங்களான்னு ஒரு ராத்திரி கப்பல்ல வாந்தி எடுத்தவங்களுக்கு நல்லாவே உறைக்கும்.

ஊருக்குள்ள டிரெஸ் பாத்து போடுங்க, நீச்சல் உடை டூரிஸ்ட் பீச்சோட சரி. பவளம், சங்கு எதையும் பொறுக்காதீங்க. பவளம் வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கு, புலிக்கு என்ன சட்டமோ அதே சட்டம், செத்த துண்டா இருந்தாலும் கேஸ் கேஸ்தான்.

திரும்பி வர்றது

போகும்போது கப்பல் லேட்டானா கொச்சியில பிரியாணி சாப்பிட்டுக்கிட்டு இருக்கலாம். வரும்போது லேட்டானா தீவுல மாட்டிக்குவீங்க, அங்கேர்ந்து பஸ் புடிச்சு வர முடியாது. அதனால கப்பல் வந்து சேர்ற அன்னிக்கே ரயிலோ ஃப்ளைட்டோ போடாதீங்க. பர்மிட் தேதியும் ரெண்டு நாள் எக்ஸ்ட்ரா இருக்கற மாதிரி கேட்டு வாங்கிக்கோங்க. திங்கக்கிழமை ஆபிஸ்ல மீட்டிங் வச்சுக்கிட்டு ஞாயித்துக்கிழமை கப்பல்னு வராதீங்க, மச்சான் வந்தான், அவன் மேனேஜர்கிட்ட வாங்கின பாட்ட இங்க எழுத முடியாது.

கரைக்கு வந்ததும் தரை ஆடும். ஒரு நாள் முழுக்க ஆடும், பாத்ரூம்ல நிக்கும்போது இன்னும் அதிகமா. அதுக்குத்தான் அந்த ஒரு நாள் ஃபோர்ட் கொச்சி. ஹைகோர்ட் படகுத்துறையிலேர்ந்து வாட்டர் மெட்ரோல போங்க, ஏசி படகு, ஆடவே ஆடாது. மட்டாஞ்சேரியில யூதர் தெரு, 1568ல கட்டின சினகாக் (யூதர் கோயில்), சனிக்கிழமை போனீங்கன்னா மூடியிருக்கும். காயீஸ் ஹோட்டல்ல பிரியாணி. அப்புறம் யாரும் சொல்லாத ஒரு இடம், ஃபோர்ட் கொச்சியில வெளிங்கற ஏரியாவுல இருக்கற தோபி கானா. அங்க துணி வெளுக்கறவங்க நம்ம ஊர் வண்ணார் குடும்பங்க, டச்சுக்காரங்க சீருடை துவைக்க கூட்டிட்டு வந்ததா சொல்லுவாங்க, இன்னிக்கும் தமிழ் பேசறாங்க. அஞ்சு நாள் உப்புத்தண்ணி துணிய மூட்டையா கட்டிக்கிட்டு போனோம். உள்ள ஒரு பாட்டி பைய பிரிச்சு மோந்து பாத்துட்டு "கப்பல்ல வந்தீங்களா கண்ணு"ன்னு கேட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள கரி பெட்டி போட்டு மடிச்சு குடுத்துட்டாங்க.

கடைசியா மாஸ். சூரை மீன வேகவச்சு புகை போட்டு காய வச்சது, மினிக்காய் மாஸ்மீன்னு பேரு, இலங்கை சமையல் தெரிஞ்சவங்களுக்கு மாசிக்கருவாடுன்னா உடனே புரியும். வாங்காம வராதீங்க, ஆனா ரெண்டு பிளாஸ்டிக் கவர் போட்டு அதுக்கு மேல எவர்சில்வர் தூக்குல அடைச்சு மூடுங்க. நாங்க ஒரு கவரோட விட்டோம், ஏசி கோச்சு வேற, பாலக்காடு வர்றதுக்குள்ள எதிர் சீட் மாமி ரெண்டு தடவ டிடிஆர கூப்பிட்டுட்டாங்க.